1970 என்ற எல்லைக்கோடு

கணினியில் லினக்ஸ் நிறுவும்போது அது கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று: உங்கள் நேர வலயம் எது? சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் பட்டியலில் இந்தியாவைத் தேடினால் ஒரே ஓர் ஊர்தான் கிடைக்கும். அது கொல்கத்தா. தலைநகர் டெல்லி அதில் இல்லை, மும்பை இல்லை, சென்னையும் இல்லை. அதே பட்டியலில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்கு மட்டும் எட்டு ஊர்கள் உண்டு. 140 கோடிப் பேருக்கு ஒரு பதிவு, 70 லட்சம் பேருக்கு எட்டுப் பதிவுகள் என்றால் பட்டியல் போட்டவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இந்த எண்ணிக்கையில் பாரபட்சம் ஏதும் இல்லை. இந்தப் பட்டியலைப் பராமரிப்பவர்கள் நியாயம் எது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியது வேறொரு விஷயத்துக்காக. எல்லோருக்கும் ஒரே விதி என்பதே நியாயம் ஆகிவிடுமா என்பதுதான் அந்த வாதத்தின் மையம். கணினி சாராத பல பொதுக் காரியங்களிலும் நாம் சந்திக்கும் கேள்வி அது.

நேர வலயம் என்றதும் நம் மனதில் ஓர் எண் வருகிறது. உலகப் பொது நேரத்தைவிட இந்தியா ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது என்கிறோம். அந்த எண் இன்றைக்குச் சரி. நேற்றைக்கும் முந்தைய தலைமுறைக்கும் அது சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நில ஆவணங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். பட்டா, நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். எந்த ஆண்டில் யார் விற்றார், யார் வாங்கினார், எப்போது அடமானத்தில் இருந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். ஐந்தரை மணி என்ற எண் பட்டா மாதிரி. கணினிக்கு வேண்டியது வில்லங்கச் சான்று. ஓர் ஊரின் கடிகாரம் எந்தத் தேதியில் எவ்வளவு நகர்த்தப்பட்டது என்ற முழு வரலாறும் சேர்ந்ததைத்தான் நேர வலயப் பதிவு என்கிறார்கள்.

இலங்கையின் பதிவைத் திறந்து பார்த்தால் இது தெளிவாகும். 1996-ல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி சரிந்து மின்வெட்டு கடுமையானபோது, மே 25 அன்று அரசு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஐந்தரை ஆறரை ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அரை மணி பின்னே இழுக்கப்பட்டு ஆறு ஆனது. 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடியும் ஐந்தரைக்கே திரும்பியது. 2001-ல் கொழும்பில் காலை பத்து மணிக்கு நடந்த ஒரு பணப் பரிமாற்றத்தை இன்று ஒரு வங்கியின் கணினி சரிபார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சென்னையில் மணி ஒன்பதரை என்று அது அறிந்திருக்க வேண்டும். இன்றைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அரை மணி பிசகும்.

உலகின் எல்லா ஊர்களுக்கும் இப்படி ஒரு வரலாற்றைத் தொகுக்கும் வேலையை 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் தொடங்கினார். பிறகு கலிஃபோர்னியாவின் பால் எகர்ட் அதன் பொறுப்பாளரானார். நேர வலயத் தரவுத்தளம் என்று அழைக்கப்படும் இந்தத் தொகுப்புக்கு விலை கிடையாது, காப்புரிமையும் கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள், ஜாவா, பைத்தான் என்று எல்லாம் இதையே சார்ந்து ஓடுகின்றன. ஒரு சிறு குழுவினர் விவாதித்து எழுதும் சில உரைக் கோப்புகள் கோடிக்கணக்கான கைபேசிகளில் மணியைத் தீர்மானிக்கின்றன. இரண்டு கணினிகள் ஒரே வரலாற்றை வைத்திருந்தால்தான் ஒன்று குறித்த சந்திப்பு மற்றதில் அதே நேரத்தில் வரும். ஆகவே இந்தத் தொகுப்பின் மதிப்பு, அது எவ்வளவு துல்லியமானது என்பதில் பாதி; எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள் என்பதில் மறு பாதி. பொதுவில் இருப்பதை உடைக்காமல் எல்லோருக்கும் ஈடுகொடுப்பது எப்படி என்ற சங்கடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொகுப்பாளர்கள் கைக்கொண்ட அடிப்படை விதி எளியது. 1970 ஜனவரி 1 முதல் இன்றுவரை கடிகாரங்கள் ஒரே மாதிரி ஓடிய பகுதி முழுவதற்கும் ஒரு பதிவு போதும். யூனிக்ஸ் கணினிகள் நொடிகளை எண்ணத் தொடங்கும் நாள் அது என்பதால் அந்தத் தேதி. பதிவுக்கு நாட்டின் பெயரை வைப்பதில்லை, ஊரின் பெயரைத்தான் வைக்கிறார்கள். நாடுகள் பிரியும், சேரும், எல்லைக்குச் சண்டையிடும். ஊர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த விதிப்படி இந்தியாவுக்கு ஒரு பதிவு போதும், ஏனென்றால் 1970-க்குப் பிறகு நாடு முழுதும் ஒரே மணிதான். இண்டியானாவில் மாவட்டத்துக்கு மாவட்டம் கோடைநேரத்தை, அதாவது கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் வழக்கத்தை, ஏற்பதும் கைவிடுவதும், பக்கத்து வலயத்துக்கு மாறுவதும் திரும்புவதுமாக ஒரே கலவரம். எனவே எட்டு. பரப்பு, மக்கள்தொகை, செல்வாக்கு எதுவும் இங்கே கணக்கில் வருவதில்லை. கடிகாரம் எத்தனை விதமாக ஓடியது என்பது ஒன்றுதான் அளவுகோல்.

இரண்டாவது விதி இன்னும் துணிச்சலானது. சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதைவிட, மக்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் என்ன காட்டியது என்பதே பதிவாகும். 1996-ல் கொழும்பு நேரத்தை மாற்றியபோது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே தொடர்ந்தது. தரவுக் கோப்பின் குறிப்புப் பகுதியில் இது எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதிகளில் வசிப்பவர்கள் இந்தியப் பதிவையே எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் 1970 முதல் அது அவர்களுடைய கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது என்பது அந்தக் குறிப்பின் சாரம். யாருடைய இறையாண்மை செல்லும் என்று அது தீர்ப்பு எழுதவில்லை. அங்கிருந்த ஒருவருக்குச் சரியான மணி கிடைக்க வழி மட்டும் சொன்னது. சீனாவின் சிஞ்சியாங்கிலும் இதே அணுகுமுறைதான். சட்டப்படி அங்கே பெய்ஜிங் நேரம். உய்கூர் மக்கள் அன்றாட வாழ்வில் இரண்டு மணி பின்தங்கிய உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். உரும்ச்சி என்ற தனிப் பதிவு அவர்களுக்காக இருக்கிறது. பெய்ஜிங் நேரத்தைப் பின்பற்றுவோர் ஷாங்காய் பதிவை எடுத்துக்கொள்கிறார்கள். கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் பதிவுக்கு எதிரே ரஷ்யா, உக்ரைன் இரண்டின் குறியீடுகளும் இடம்பெறுகின்றன. நிலத் தகராறுகளில் இந்தப் பட்டியல் எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை என்ற அறிவிப்பும் தொகுப்பிலேயே இருக்கிறது.

இதுவரை எல்லாம் சமமாகத்தான் தெரிகிறது. முரண்பாடு பழைய சரக்கில் இருந்தது. தொடக்க காலத்தில் நாட்டுக்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று பல பதிவுகள் சேர்ந்திருந்தன. 1970 விதிப்படி அவற்றில் பல தேவையற்றவை. 2013 முதல் அவற்றை ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பதிவோடு இணைக்கும் வேலை நடந்தது. அங்கோலாவின் லுவாண்டாவும் நைஜரின் நியாமேயும் நைஜீரியாவின் லாகோஸ் பதிவோடு இணைந்தன. பெயர் மட்டும் மிஞ்சும், அதைத் தொட்டால் லாகோஸின் வரலாறு வரும். ஆனால் நார்வேயின் ஆஸ்லோவும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமும் 1970 முதல் பெர்லினோடு அச்சாக ஒத்துப்போயும் தனியாகவே இருந்தன. அவற்றின் பழைய வரலாறு நன்கு தொகுக்கப்பட்டிருந்ததால் யாரும் கை வைக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒரு விதி, ஐரோப்பிய நாடுகளுக்கு இன்னொரு விதி என்ற நிலை. இதை நீக்க எகர்ட் 2021-ல் முன்வந்தார். விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஆண்டு பாதி மட்டுமே நிறைவேறியது. 2022 ஆகஸ்டில் மீதியும் முடிந்தது. ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, கோபன்ஹேகன் மூன்றும் பெர்லினோடும், ஆம்ஸ்டர்டாம் பிரஸ்ஸல்ஸோடும், கோலாலம்பூர் சிங்கப்பூரோடும் இணைந்தன. ஐஸ்லாந்தின் ரேக்யவிக் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் பதிவோடு சேர்ந்தது. இரண்டு ஊர்களிலும் 1970 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரம்தான்.

1970-க்குப் பிறகான எந்தக் கணக்கும் இதனால் மாறவில்லை. அதற்கு முந்தையவை மாறின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனி கோடைநேரத்தைக் கடைப்பிடித்தது; 1943-ல் அது மார்ச் 29 முதல் அக்டோபர் 4 வரை நீடித்தது. ஸ்வீடனோ 1916-ல் ஒரே ஒரு கோடையில் முயன்று பார்த்ததோடு சரி, 1980 வரை கோடைநேரத்தின் பக்கமே போகவில்லை. 1943 ஜூலையில் ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்றில் காலை ஆறு மணிக்குப் பிறந்த குழந்தைக்கு உலகப் பொது நேரப்படி மணி ஐந்து. இணைப்புக்குப் பிறகு இயல்புநிலைத் தரவை வைத்துக் கணக்குப் போட்டால் விடை நான்கு. பெர்லினின் போர்க்காலக் கடிகாரம் போரில் சேராத ஸ்வீடனின் மீது ஏறிவிட்டது. நேற்றுவரை சரியாக வந்த விடை இன்று பிழையாகிறது என்று நிரலாளர்கள் கொதித்தார்கள். ஜாவாவின் நேர நூலகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீபன் கோல்போர்ன் எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். பழைய பதிவுகளைக் காக்கும் தனிக் கிளை ஒன்றும் அப்போது தொடங்கப்பட்டது.

இரு தரப்பையும் நியாயமாக எடைபோட வேண்டும். ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இருவேறு விதி இருந்தது உண்மை. அதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு நடுநிலை பேச முடியாது. இந்த நோயறிதலில் எகர்ட் சரி. சிகிச்சையில்தான் கேள்வி எழுகிறது. ஸ்டாக்ஹோமின் வரலாற்றை எடுத்துவிட்டதால் நியாமேக்கு ஒரு வரிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இருவருக்கும் கொடுத்துச் சமப்படுத்துவது ஒரு வகை, இருவரிடமிருந்தும் எடுத்துச் சமப்படுத்துவது இன்னொரு வகை. காகிதத்தில் இரண்டும் சமத்துவம்தான். இரண்டாவதில் ஒருவருக்கு இழப்பு உண்டு, யாருக்கும் ஆதாயம் இல்லை.

அப்படியானால் எல்லா நாடுகளுக்கும் முழு வரலாற்றைச் சேர்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கே குறுக்கே நிற்பது சான்று. 1970-க்கு முந்தைய தரவுகளில் பெரும்பகுதி தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த சோதிட நிலவரைபட நூல்களிலிருந்து வந்தது. பிறந்த நேரத்தைத் துல்லியமாக அறிய வேண்டியவர்கள் சோதிடர்கள் என்பதால், உலகக் கடிகார வரலாற்றை முதலில் ஊர் ஊராகத் திரட்டியதும் அந்தத் துறைதான். ஆனால் அந்த நூல்கள் தங்கள் மூலங்களைச் சொல்வதில்லை. அரசிதழ்களோடும் பழைய செய்தித்தாள்களோடும் ஒப்பிட்டபோது பல இடங்களில் பிழைகள் தெரியவந்தன. அந்தத் தரவை எடுத்தாண்டதற்காக ஆஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம் 2011-ல் ஓல்சன், எகர்ட் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடிகாரம் எப்போது மாறியது என்பது நடந்த செய்தி. செய்திக்கு உரிமையாளர் கிடையாது. நடந்ததா இல்லையா என்பதற்குச் சான்று வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஊகங்களை நிரப்பி நாட்டுக்கு ஒரு பதிவு கொடுப்பது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அது பிழையைத்தான் பகிர்ந்தளிக்கும்.

இணைப்பால் வரலாறு தொலையும் என்பதற்கு நம் இந்தியப் பதிவே சாட்சி. கொல்கத்தா என்ற பெயரின் கீழ் 1870 முதல் 1905 வரை உள்ளது, ரயில்வே பின்பற்றிய மதராஸ் நேரம்: ஐந்து மணி, 21 நிமிடம், 10 நொடி. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம். கல்கத்தா நகரம் தன் உள்ளூர் நேரத்தை 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் விடாமல் வைத்திருந்தன என்பதற்கு அந்தப் பதிவில் இடமே இல்லை. ஒரே பதிவுக்குள் மூன்று நகரங்களை அடைத்தால் ஒன்றின் வரலாறுதான் பிழைக்கும். ஸ்டாக்ஹோம்காரர்கள் 2022-ல் உணர்ந்த இழப்பு பம்பாய்க்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

அரை நூற்றாண்டுக்கு முந்தைய கடிகாரத்தால் யாருக்கு என்ன வந்தது என்பது அடுத்த ஆட்சேபம். ஜாதகம் கணிப்பவர்களைக் கேட்டால் உடனே பதில் வரும். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, போரை முன்னிட்டு இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அந்த ஆண்டுகளில் பிறந்தவரின் பிறந்த நேரத்திலிருந்து ஒரு மணியைக் கழிக்காவிட்டால் லக்னமே மாறிவிடக்கூடும். சோதிடத்தை நம்பாதவர்களுக்கும் இது தேவைப்படும். பழைய வானிலைக் குறிப்புகள், நிலநடுக்கப் பதிவுகள், தந்திகள், கப்பல் நாட்குறிப்புகள் எல்லாம் உள்ளூர்க் கடிகாரத்தில் எழுதப்பட்டவை. இவற்றை இன்றைய ஆய்வுக்குப் பயன்படுத்த அந்தக் கடிகாரம் அன்று என்ன காட்டியது என்று தெரிந்தாக வேண்டும்.

இங்கேதான் சமரசம் வருகிறது. இணைக்கப்பட்ட ஊர்களின் பழைய வரலாறு அழிக்கப்படவில்லை. தொகுப்பிலேயே தனியாக ஒரு பின்கோப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. தரவைத் தொகுக்கும்போது ஒரு விருப்பத்தேர்வை மாற்றினால் ஸ்டாக்ஹோம் மீண்டும் ஸ்டாக்ஹோமாக வந்துவிடும். பழைய பெயர்களும் எடுக்கப்படவில்லை. ஆசியா/கல்கத்தா என்று எழுதிய பழைய நிரல் இன்றும் ஓடும். 2022-ல் உக்ரைன் தலைநகருக்குக் கீவ் (Kyiv) என்ற உக்ரைனிய வடிவம் ஏற்கப்பட்ட பிறகும் முந்தைய எழுத்துக்கூட்டல் (Kiev) வேலை செய்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. கேட்காதவர்களுக்குக் கிடைப்பது இயல்புநிலைதான். பின்கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாத நிரலாளர் எதையும் மாற்றப் போவதில்லை. சுமை, விதியை மாற்றியவர்களிடமிருந்து அதை அறியாதவர்களுக்கு நகர்ந்திருக்கிறது. பராமரிப்பாளர்கள் இதற்குச் சொல்லும் பதிலையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 1970 என்ற கோட்டை ஒருமுறை தளர்த்தினால் ஒவ்வொரு நாடும் மாகாணமும் தனிப் பதிவு கேட்டு வரும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பது அரசியல் ஆகிவிடும். 1970 என்பது தன்னிச்சையான கோடுதான். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கோடு, யாருடைய முகத்தையும் பார்த்துப் போடாத கோடு. அந்தக் கோடு இல்லையென்றால் சத்தம் போடத் தெரிந்தவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

இந்த அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது என்றும் கேட்கப்படுகிறது. 2012-ல் வெளியான இணையப் பொறியியல் ஆவணம் 6557 இதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. பொறுப்பாளரை இணையப் பொறியியல் பணிக்குழுவின் வழிநடத்தும் குழு நியமிக்கும், அவர் முடிவை எதிர்த்து அங்கே முறையிடலாம். அதைவிடப் பெரிய காவல், தரவு பொதுச்சொத்து என்பது. பிடிக்காதவர்கள் நகலெடுத்துத் தனிக்குடித்தனம் போகலாம். எல்லோரும் அப்படிப் போனால் பொதுத் தொகுப்பே இல்லாமல் போகும் என்பதால், பிரிந்துபோகும் உரிமை இருந்தும் பெரும்பாலோர் பேசித் தீர்க்கவே முயல்கிறார்கள். 2023 மார்ச்சில் லெபனானில் நடந்தது இந்தப் பொறுப்பின் கனத்தைக் காட்டும். மார்ச் 26 அன்று தொடங்க வேண்டிய கோடைநேரத்தை ரமலானை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிவைப்பதாக 23-ம் தேதி அரசு அறிவித்தது. தொகுப்பாளர்கள் உடனே 2023பி பதிப்பை வெளியிட்டார்கள். மரோனைட் திருச்சபையும் பல நிறுவனங்களும் அறிவிப்பை ஏற்க மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு மணி ஓடியது. 27-ம் தேதி அமைச்சரவை பின்வாங்கியது. 28-ம் தேதி வந்த 2023சி, லெபனானை முன்பிருந்த நிலைக்கே திருப்பியது. அந்தச் சில நாட்கள் அரசு அலுவலகங்கள் வேறு நேரத்தில் இயங்கியதற்கு இன்றைய தரவில் சுவடு இல்லை. இரண்டு கடிகாரங்களில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் அது.

நியாயமான பொதுத் தொகுப்புக்கு மூன்று தேவை என்பதை இவை காட்டுகின்றன: கோடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அது எங்கே, ஏன் போடப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும், அதனால் இழப்பவர் இழந்ததை மீட்டுக்கொள்ள வழி இருக்க வேண்டும். நேர வலயத் தரவுத்தளம் முதல் இரண்டில் தேறுகிறது. மூன்றாவதில் அரை மதிப்பெண் பெறுகிறது. மீதியை நிரப்புவது பராமரிப்பாளர்களால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. பிறந்த நேரத்தையோ வரலாற்றுப் பதிவுகளையோ கையாளும் மென்பொருள் எழுதுபவர்கள் இயல்புநிலைத் தரவோடு நின்றுவிடாமல் பின்கோப்பையும் சேர்த்தே தொகுக்க வேண்டும். ஆஸ்லோவுக்கும் நியாமேக்கும் இடையில் இருந்த வேறுபாடு அடிப்படையில் ஆவணக் காப்பகங்களின் வேறுபாடு. எந்த ஊரின் அரசிதழும் நாளிதழும் பாதுகாக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஊரின் கடிகாரத்துக்குத்தான் வரலாறு எழுத முடிகிறது. பம்பாய், மதராஸ், யாழ்ப்பாணம், மலாயா என்று பழைய கடிகாரங்களைப் பற்றிய அறிவிப்புகள் நூலக அலமாரிகளிலும் ரயில்வே கால அட்டவணைகளிலும் பஞ்சாங்கங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, தேதியும் மூலமும் குறித்துப் பொதுவில் வைக்க வேண்டும். தொகுப்பாளர்கள் கேட்பது சான்று ஒன்றைத்தான். அதைக் கொடுக்கக்கூடியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்.